நடை எவ்வளவு மாறினால் மாற்றம்?

பெருமூளை வாதம் என்பது தனியொரு நோயின் பெயர் அன்று; கருவிலோ பிறப்பின்போதோ குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலோ வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பினால் உடலின் அசைவும் நிலைப்பும் நிரந்தரமாகக் குறைபடும் பல நிலைமைகளைக் குறிக்கும் பொதுப் பெயர். மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு காலப்போக்கில் பெருகுவதில்லை என்பது இதன் வரைவிலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த மூளையின் ஆணைக்கு உட்பட்ட உடல் வளர்கிறது. எலும்பு நீள்கிறது, இறுக்கம் மிகுந்த தசை அதே வேகத்தில் நீளாமல் பின்தங்குகிறது, எடை கூடுகிறது, முழங்கால் மெல்ல மடங்கத் தொடங்குகிறது. ஆகவே, மாறாத பாதிப்பொன்றைச் சுமந்த பிள்ளையின் நடை ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கிறது. இறுக்கத்தைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி, கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் உறை, பிளாஸ்டர் கட்டு, பயிற்சி, அறுவைச் சிகிச்சை ஆகிய எதைச் செய்தாலும், அதன் பின்னர் காணப்படும் மாற்றத்தில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு, வளர்ச்சியின் பங்கு எவ்வளவு, அளவிட்டவரின் கைப்பிழை எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. அவற்றைப் பிரித்த பிறகும், எஞ்சும் மாற்றம் அந்தப் பிள்ளையின் வாழ்வில் எதையாவது மாற்றுகிறதா என்ற கேள்வி விடைபெறாமல் நிற்கிறது. இந்த அத்தியாயம் அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது.

அக்கேள்வியை மாத்தளை மாவட்டத்தில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1,993 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2012 ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீட்டின்படி 484,531 மக்களும் கொண்ட இந்த மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பகுதிகள் வயலும் குளமுமாகத் தட்டையாகப் பரந்திருக்க, தென்கிழக்கே ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கம் நிலம் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளாக எழுகிறது. அச்சரிவுகளில் உள்ள தோட்டங்களில் தொழிலாளரின் வரிசைவீடான லயத்திலிருந்து, குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்துக்கும், அங்கிருந்து தோட்டத்து ரோட்டுக்கும், ரோட்டிலிருந்து பாடசாலைக்கும் போகும் வழி பெரும்பாலும் மண்ணில் வெட்டிய படிகளும் கல் பதித்த குறுக்குப் பாதைகளுமே. நடத்தல் என்ற ஒரே வினை, ஒரே மாவட்டத்தின் இரு முனைகளில் உடலிடம் வெவ்வேறு அளவான உழைப்பைக் கேட்கிறது. உலகெங்கும் பயன்படும் நடை அளவுகோல்களோ பெரும்பாலும் தட்டையான தரையில் உருவானவை. அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பது இத்தகைய நிலத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் வகைப்படுத்தலையும் அளவிடலையும் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். கனடாவின் ஹமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் பலிசானோ, பீட்டர் ரோசன்பாம் முதலியோர் 1997 இல் வெளியிட்ட பெருந்தசை இயக்க வகைப்பாட்டு முறை, பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளை ஐந்து மட்டங்களாகப் பிரிக்கிறது. முதலாம் மட்டத்துப் பிள்ளை துணையின்றி நடக்கும், ஓடும். படியேறக் கைப்பிடி தேடாது. இரண்டாம் மட்டத்துப் பிள்ளையும் துணைக்கருவியின்றி நடக்கும், ஆனால் படிக்குக் கைப்பிடி வேண்டும், சரிவும் மேடுபள்ளமும் தடையாகும். மூன்றாம் மட்டத்துப் பிள்ளைக்கு ஊன்றுகோலோ நடைச்சட்டமோ வேண்டும். நான்காம், ஐந்தாம் மட்டங்களில் சக்கர நாற்காலியே முதன்மையான வழி. இந்த மட்டம் ஒரு பிள்ளையின் நிலையை ஓரளவு நிலையாகக் காட்டுவதற்காக அமைக்கப்பட்டது. சிகிச்சையால் பிள்ளை ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று எதிர்பார்ப்பதற்காக அன்று. இதை அறியாத பெற்றோர், மட்டம் மாறவில்லை என்பதைக் கேட்டு மனமுடைந்துபோவதுண்டு. மட்டம் மாறாமலே நடை பெரிதும் தேறலாம் என்பதை அவர்களுக்குத் தொடக்கத்திலேயே விளக்கிச் சொல்வது சிகிச்சை தருபவரின் கடமை.

மாற்றத்தை அளப்பதற்கு அதே மக்மாஸ்டர் குழுவினர் வேறொரு கருவியைச் செய்தனர். டயான் ரசலும் உடன்பணியாற்றியோரும் 1989 இல் வெளியிட்ட பெருந்தசை இயக்க அளவையில் 88 செயல்கள் உள்ளன. படுத்தலும் புரளலும், அமர்தல், தவழ்தலும் முழந்தாளிடலும், நிற்றல், நடத்தலும் ஓடுதலும் தாவுதலும் என்று அவை ஐந்து பகுதிகளாக அமைகின்றன. ஒவ்வொரு செயலையும் பிள்ளை தொடங்கவே இல்லையென்றால் 0, தொடங்கினால் 1, பாதியளவு செய்தால் 2, முழுதும் செய்தால் 3 என்று இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், பார்த்துப் புள்ளியிடுகிறார். நடைக்குரிய கடைசிப் பகுதியின் 24 செயல்களில் சில, மலைநாட்டு வாசகருக்கு அன்றாடக் காட்சிகளாகவே தோன்றும்: இரு கைகளாலும் பெரிய பொருளொன்றைச் சுமந்தபடி பத்து அடி எடுத்து வைத்தல், 20 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரு கோடுகளுக்கு நடுவே நடத்தல், முழங்கால் உயரக் கோலொன்றைத் தாண்டுதல், ஒரு கைப்பிடியைப் பற்றி நான்கு படி ஏறுதல், அதே படிகளில் கைப்பிடியின்றி ஏறி இறங்குதல்.

இந்த அளவையின் ஆரம்ப வடிவத்தில் ஒரு குறை இருந்தது. புள்ளிகளை வெறுமனே கூட்டும்போது, உருள்வதில் கிடைத்த ஒரு புள்ளியும் கைப்பிடியின்றிப் படியிறங்குவதில் கிடைத்த ஒரு புள்ளியும் சமமாகிவிடுகின்றன. உண்மையில் இரண்டுக்கும் தேவையான திறன் ஒன்றன்று. செயல்களை அவற்றின் கடினத்தின் வரிசைப்படி ஓர் அளவுகோலில் நிறுத்தும் ராஷ் பகுப்பாய்வு எனும் புள்ளியியல் முறையைக் கையாண்டு, 66 செயல்கள் மட்டும் கொண்ட திருத்திய வடிவம் 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 40 இலிருந்து 45 க்கு உயர்வதும் 60 இலிருந்து 65 க்கு உயர்வதும் ஒத்த அளவான திறன் வளர்ச்சியைக் குறிக்கின்றன.

அளவுகோல் செம்மையாக இருந்தாலும், அதைக் கொண்டு இரு நாட்களில் எடுக்கப்பட்ட இரு அளவுகள் ஒன்றாக இருப்பதில்லை. பிள்ளை களைத்திருக்கலாம், வைத்தியசாலைச் சூழலில் கூச்சப்பட்டிருக்கலாம், முதல் தடவையில் புரியாதது இரண்டாம் தடவையில் புரிந்திருக்கலாம். உண்மையில் எதுவும் மாறாதபோதும் எண்கள் இவ்வாறு ஏறி இறங்கும் அளவை அளவீட்டின் நியமப் பிழை என்கிறார்கள். ஒரு பிள்ளையின் இரு அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு இந்த இயல்பான ஊசலாட்டத்தைத் தாண்டியது என்று 95 வீத உறுதியுடன் சொல்ல வேண்டுமானால், அவ்வேறுபாடு நியமப் பிழையின் ஏறத்தாழ 2.8 மடங்காக இருக்க வேண்டும். அந்த எல்லையே கண்டறியத்தக்க மிகக் குறைந்த மாற்றம்.

ஆறு நிமிட நடைச் சோதனை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் 2002 இல் நெறிப்படுத்திய இச்சோதனையில், 30 மீட்டர் நீளமான தட்டையான வழியில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கப்படுகிறது. கருவி என்று சொல்லத்தக்கது ஒரு கடிகாரமும் அளவுநாடாவும் மட்டுமே. பத்தடி அகலக் காம்பராக்கள் பன்னிரண்டு வரிசையாக உள்ள ஒற்றை லயத்தின் முன்புறம் 36 மீட்டர் வரும் என்பதால், நீட்டிக் கட்டிய சுவர்கள் மறிக்காத இடங்களில் தோட்டத்துக்குள்ளேயே இச்சோதனையை நடத்தலாம். பிள்ளை பழகிய தரையில் நடக்கும் என்பது அதன் கூடுதல் நன்மை. பெருமூளை வாதம் உள்ள பாடசாலைப் பிள்ளைகளிடம் இச்சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்த தொம்சன் குழுவினரின் 2008 ஆம் ஆண்டு ஆய்வில், கண்டறியத்தக்க மிகக் குறைந்த மாற்றம் முதலாம், இரண்டாம் மட்டங்களில் 60 மீட்டரைச் சற்றே தாண்டியது. மூன்றாம் மட்டத்தில் 47 மீட்டர் அளவில் நின்றது. அதாவது, இரண்டாம் மட்டத்துப் பிள்ளை ஒன்று பயிற்சிக்கு முன் 380 மீட்டரும் பின் 410 மீட்டரும் நடந்தால், அந்த 30 மீட்டர் உண்மையான முன்னேற்றமா ஊசலாட்டமா என்று அச்சோதனை மட்டும் கொண்டு சொல்ல இயலாது. இது ஒரு பிள்ளைக்குரிய கணக்கு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நூறு பிள்ளைகளின் சராசரி 30 மீட்டர் உயர்ந்தால் அந்தச் சராசரி உயர்வு உறுதியானதாகவே இருக்கக்கூடும். கூட்டத்துக்கு மெய்யானது தனிப்பிள்ளைக்கு ஐயத்துக்குரியதாகலாம். ஆய்வுக் கட்டுரைகளின் சராசரிகளை அப்படியே ஒரு பிள்ளையின் கோப்புக்குள் கொண்டுவந்து தீர்ப்புச் சொல்வது இதனாலேயே தவறாகிறது.

ஊசலாட்டத்தைத் தாண்டிய மாற்றம் எல்லாம் பொருளுள்ள மாற்றம் ஆகிவிடுமா? இக்கேள்விக்குத் தனியொரு கருத்தாக்கத்தையே தந்தவர்கள் 1989 இல் ஒரு கட்டுரை வெளியிட்ட ஜேஷ்கே, சிங்கர், கயாட் ஆகிய மூவர். அவர்களும் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினரே. நோயாளி தமக்கு நன்மை என்று உணரும் மிகச் சிறிய வேறுபாடு எதுவோ அதுவே பொருட்படுத்தத்தக்க மிகக் குறைந்த மாற்றம் என்று அவர்கள் வரையறுத்தார்கள். அன்றுவரை மாற்றத்தின் பெருமை சிறுமையைப் புள்ளியியல் தீர்மானித்து வந்தது. அந்த உரிமையின் ஒரு பகுதியை நோயுற்றவரின் கையில் கொடுத்தது இவ்வரையறை. அளவியலில் இதைவிட மனிதத்தன்மை கொண்ட திருப்பம் அரிது.

இந்த எல்லையைக் கண்டுபிடிக்க இரு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, பிள்ளைகளின் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று பார்த்து, அந்தப் பரவலின் பாதியையோ வேறொரு பங்கையோ எல்லையாகக் கொள்வது. நடக்கக்கூடிய பிள்ளைகளுக்கான பல அளவைகளுக்கு இவ்வாறு எல்லைகளை வகுத்த ஓஃபிங்கர் குழுவினரின் 2008 ஆம் ஆண்டு ஆய்வு பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. இவ்வழி எளிது; ஆனால் எந்தப் பிள்ளையையும் எந்தத் தாயையும் கேளாமலே விடை சொல்லிவிடுவதால், ஜேஷ்கே முதலியோர் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது. மற்றது, வெளியே உள்ள ஒரு நங்கூரத்தோடு புள்ளிகளைப் பிணைப்பது. ரிச்சர்ட் பேக்கரும் உடன்பணியாற்றியோரும் 2012 இல் செய்தது இதற்குச் சிறந்த முன்மாதிரி. பல கேமராக்களைக் கொண்டு உடல் மூட்டுகளின் கோணங்களைப் பதிவுசெய்யும் ஆய்வுகூடத்தில், ஒரு பிள்ளையின் நடை இயல்பான நடையிலிருந்து சராசரியாக எத்தனை பாகை விலகுகிறது என்பதை நடைக்கோலப் புள்ளி என்ற ஒற்றை எண் காட்டுகிறது. அந்தப் பாகைகளை, அமெரிக்காவின் கிலெட் சிறுவர் வைத்தியசாலையில் உருவான பத்துப் படிநிலை நடை வினாப்பட்டியலோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். நடக்கவே இயலாமை முதல் சமமற்ற நிலத்திலும் தடுமாறாமல் ஓடியாடுவது வரை பெற்றோர் தெரிவு செய்யும் அப்பட்டியலில் ஒரு படி உயர்வதற்கு நடைக்கோலப் புள்ளி சராசரியாக 1.6 பாகை குறைய வேண்டும் என்று தெரியவந்தது. 1.6 என்பது தன்னளவில் எதையும் சொல்லாத எண். பெற்றோர் ஒருவர் உணர்ந்து சொன்ன ஒரு படியோடு இணைந்த பின்னரே அதற்கு உயிர் வருகிறது.

நங்கூர முறையிலும் இடர் உண்டு. ஆறு மாதங்களுக்கு முன் பிள்ளை எப்படி நடந்தது என்று கேட்டால், இன்றைய நிலையைக் கொண்டே நேற்றைய நிலையைத் தாய் நினைவுகூர்கிறாள். கேட்கப்படும் மொழியும் முக்கியமானது. மாத்தளைத் தோட்டங்களில் வாழும் தாயிடம் அவளது தமிழில் கேட்கப்படாத கேள்வி, அரைகுறை மொழிபெயர்ப்பின் வழியே "கொஞ்சம் பரவாயில்லை" என்ற மரியாதையான விடையையே பெற்றுத் தரும். அந்த விடையைப் புள்ளியாக்கி அதன்மேல் எல்லை வகுப்பது மணலில் சுவர் எழுப்புவதாகும்.

வளர்ச்சியின் பங்கைப் பிரிப்பதற்கு ஒன்ராறியோ மாகாணத்தின் 657 பிள்ளைகளைப் பெருந்தசை இயக்க அளவையால் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, ரோசன்பாம் குழுவினர் 2002 இல் வெளியிட்ட வளைகோடுகள் உதவுகின்றன. இலங்கைத் தாய் ஒவ்வொருத்தியின் கையிலும் உள்ள சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டின் நிறை வரைபடம் போன்றே இவையும் வேலை செய்கின்றன: குழந்தையின் நிறை கூடியதா என்பதோடு நிற்காமல், தன் வயதுக்குரிய கோட்டோடு சேர்ந்து கூடியதா என்று குடும்பநல உத்தியோகத்தர் பார்ப்பது போல, இயக்கத் திறனும் தன் மட்டத்துக்குரிய வளைகோட்டைத் தாண்டி உயர்ந்ததா என்று பார்க்க வேண்டும். முதலாம் மட்டத்துப் பிள்ளைகள் தாம் அடையக்கூடிய திறனின் 90 வீதத்தை ஐந்து வயதுக்குச் சற்று முன்னரும், ஐந்தாம் மட்டத்துப் பிள்ளைகள் மூன்று வயதுக்கு முன்னரும் அடைந்துவிடுவதாக அவ்வளைகோடுகள் காட்டின. மூன்று வயதுப் பிள்ளை ஓராண்டில் ஐந்து புள்ளி உயர்வது வளர்ச்சியின் கொடையாக இருக்கலாம். ஒன்பது வயதில் அதே ஐந்து புள்ளி பெரிய செய்தி.

காலமும் கணக்கில் வர வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் தசைகளையும் எலும்புகளையும் ஒரே தடவையில் சீர்செய்யும் பன்மட்ட அறுவைச் சிகிச்சையை, மெல்பேர்ண் ரோயல் சிறுவர் வைத்தியசாலையில் 19 பிள்ளைகளைக் கொண்டு எழுமாற்று முறையில் சோதித்த தொமசன், கிரஹாம் முதலியோர் 2011 இல் அறிவித்த முடிவு சிந்தனைக்குரியது. பன்னிரண்டு மாத முடிவில் அறுவை செய்துகொண்ட பிள்ளைகளின் நடைக்கோலம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேறியிருந்தது; ஆனால் பெருந்தசை இயக்க அளவையில் அவர்களுக்கும் அறுவை செய்துகொள்ளாத குழுவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. இருபத்துநான்காம் மாதத்தில்தான் அவ்வளவையிலும் ஏறத்தாழ ஐந்து வீத உயர்வு காணப்பட்டது. நடையின் தோற்றம் முதலில் மாறியது, நடையால் செய்யக்கூடியவை ஓராண்டு பின்தங்கி வந்தன. ஆறாம் மாதத்தில் அளந்து "பயனில்லை" என்று கோப்பை மூடியிருந்தால் அது எத்தகைய அநீதியாக இருந்திருக்கும்!

மேலே சொன்ன அளவைகள் பெரும்பாலும் பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்பதையே கேட்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2001 இல் வெளியிட்ட செயற்பாட்டு வகைப்பாடு, நிர்ணயித்த சூழலில் ஒருவரால் செய்ய முடிவதை இயலளவு என்றும், தன் சொந்தச் சூழலில் அவர் உண்மையில் செய்வதை நிறைவேற்றம் என்றும் வேறுபடுத்தியது. இரண்டாவதை அளக்க மெல்பேர்ணில் கெர் கிரஹாமும் குழுவினரும் 2004 இல் வெளியிட்ட செயல்சார் நடமாட்ட அளவுகோல், வீடு, பாடசாலை, வெளியிடம் ஆகியவற்றுக்கு ஈடாக 5, 50, 500 மீட்டர் என்ற மூன்று தூரங்களில் பிள்ளை வழக்கமாக எப்படிப் போகிறது என்று கேட்டு 1 முதல் 6 வரை மதிப்பிடுகிறது. சக்கர நாற்காலிக்கு 1, நடைச்சட்டத்துக்கு 2, ஊன்றுகோல்களுக்கு 3, கைத்தடிக்கு 4. துணையின்றித் தட்டையான தரையில் மட்டும் நடந்தால் 5, எல்லாத் தரையிலும் நடந்தால் 6.

மாத்தளைக்கு இந்த ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள ஒற்றைப் புள்ளியே எல்லாவற்றிலும் முக்கியமானது. எடுத்துக்காட்டுக்காக, இரண்டாம் மட்டத்தைச் சேர்ந்த இரு சிறுமிகளைக் கற்பனை செய்யலாம். ஒருத்தி கலேவெலப் பக்கம், மற்றவள் ரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில். முதலாமவளின் ஆறு நிமிடத் தூரம் 380 இலிருந்து 460 மீட்டருக்கு உயர்கிறது. ஊசலாட்டத்தைத் தாண்டிய, ஐயமற்ற முன்னேற்றம். ஆயினும் தட்டையான வழியில் முன்பும் தானாகவே பாடசாலைக்கு நடந்துபோன அவளது நாள் முன்போலவே கழிகிறது. இரண்டாமவளின் தூரம் 30 மீட்டரே கூடுகிறது. புள்ளியியல் அதை ஏற்க மறுக்கிறது. ஆனால் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிகளில் உட்கார்ந்து நகராமல் நின்று இறங்க அவள் கற்றுக்கொண்டதால், காலையில் அவளைத் தூக்கி இறக்கிவிட்ட பின்னரே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன தாய், இப்போது நேரத்துக்கு வேலைக்குப் போகிறாள். எது பொருளுள்ள மாற்றம் என்று அத்தாயைக் கேட்டால் விடை தெளிவு. ஆறு நிமிடச் சோதனை பொய் சொல்லவில்லை. அது தட்டையான தரையைப் பற்றி மட்டுமே பேசியது.

படிகளுக்குக் கைப்பிடி அமைத்தாலும் இதே மாற்றம் நிகழலாம் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இரண்டாம் மட்டத்துப் பிள்ளைக்குப் படியேறக் கைப்பிடி வேண்டும் என்று வகைப்பாடே சொல்கிறது. பெருந்தசை இயக்க அளவையின் படிச் சோதனைகளில் பாதி கைப்பிடியை வைத்துக்கொண்டே நடத்தப்படுகின்றன. தோட்டத்து மண்படியில் அது இல்லை. குழாய் ஒன்றைப் படியோரம் நட்டுவைத்தால் பிள்ளையின் இயலளவு இம்மியும் மாறாது, நிறைவேற்றமோ ஒரே நாளில் மாறிவிடும். பயிற்சியின் பயனை ஆராய்பவர் இவ்விரண்டையும் கலந்துவிடக் கூடாது என்பது உண்மை. ஆனால் பிள்ளையின் நலனைக் கருதுபவருக்கு இரண்டும் சம மதிப்புடையவை, இரண்டாவது பெரும்பாலும் மலிவானதும்கூட.

ஆறு மதிப்புகள் மட்டுமே கொண்ட செயல்சார் நடமாட்ட அளவுகோல் சிறிய முன்னேற்றங்களைத் தவறவிடும் என்பதால், பிள்ளைக்கென்றே வகுத்த இலக்குகளை அளக்கும் முறையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. தோமஸ் கிரெசுக், ரொபர்ட் ஷெர்மன் இருவரும் 1968 இல் முன்வைத்த இலக்கு எய்தல் அளவீட்டில், சிகிச்சைக்கு முன்பே குடும்பத்தோடு பேசி, எதிர்பார்க்கும் நிலைக்கு 0, அதைவிடக் குறைவான இரு நிலைகளுக்கு −1, −2, அதைவிட மேலான இரு நிலைகளுக்கு +1, +2 என்று எழுதி வைக்கிறார்கள். அந்தத் தோட்டத்துச் சிறுமிக்கு, படிகளில் தூக்கி இறக்கப்படுவது −2, பெரியவர் கையைப் பிடித்து இறங்குவது −1, தானாக இறங்குவது 0, புத்தகப் பையோடு இறங்குவது +1, மழையில் வழுக்கும் நாளிலும் அப்படியே இறங்குவது +2 என்று வகுக்கலாம். இலக்கை எட்டுவது சுலபமாகும்படி எழுதிவிடும் ஆசை சிகிச்சையாளருக்கு எழும் என்பதால், எழுதியவரல்லாத இன்னொருவர் வந்து புள்ளியிட வேண்டும் என்ற விதியைத் தளர்த்தக் கூடாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடம் பட்டதாரி இயன்மருத்துவர்களை உருவாக்கிவரும் மத்திய மாகாணத்தில், கடிகாரமும் அளவுநாடாவும் ஒரு தாளும் பேனாவும் கேட்கும் இம்முறைகளுக்கு முப்பரிமாண ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இறுதியாக, மாற்றமின்மையே வெற்றியாகும் ஒரு பருவம் உண்டு. ஒன்ராறியோப் பிள்ளைகளை இருபத்தொரு வயது வரை தொடர்ந்த ஹானா குழுவினர் 2009 இல் காட்டியபடி, முதலிரு மட்டத்தினர் அடைந்த திறனைத் தக்கவைத்துக்கொள்ள, மூன்றாம் மட்டத்தினர் ஏழெட்டு வயதில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சராசரியாக 4.7 புள்ளிகளையும், நான்காம் மட்டத்தினர் 7.8, ஐந்தாம் மட்டத்தினர் 6.4 புள்ளிகளையும் இழக்கிறார்கள். ஊன்றுகோலோடு பாடசாலைக்குப் போய்வரும் பத்து வயதுச் சிறுவன் பதினைந்து வயதிலும் அதே ஊன்றுகோலோடு, அதே தூரம் போய்வந்தால், முன்பின் அளவுகளைக் கழித்துப் பார்ப்பவருக்குக் கிடைப்பது பூச்சியம். வளைகோட்டைப் பார்ப்பவருக்கோ அது சரிவுக்கு எதிராக ஐந்தாண்டு காத்த நடை. எனவே பதின்வயதினருக்கான சிகிச்சைகளை மதிப்பிடும்போது, எவ்வளவு கூடியது என்று மட்டும் கேட்காமல், சிகிச்சையின்றி எவ்வளவு குறைந்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டே எல்லையை வகுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பிள்ளையின் அளவுகளும் பல ஆண்டுகள் ஒரே கோப்பில், ஒரே முறையில் பதிவாக வேண்டும். தோட்டத்திலிருந்து மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், அங்கிருந்து பேராதனையின் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கும் பிள்ளை போகும்போது, அந்தக் கோப்பும் கூடவே போக வேண்டும்.